முயல் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் வெயிலைப் பாருங்கள்

பள்ளி விடுமுறையில் புக்கிட் திங்கிக்கோ கேமரன் மலைக்கோ போய்வந்த பிள்ளைகளிடம், "அங்கே என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தேயிலைத் தோட்டமும் ஸ்ட்ராபெரியும் பிறகுதான். முயலைத் தொட்டுப் பார்த்த கதை முதலில் வரும். அடுத்த வாரம் பாசார் மாலாமில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் நாலு குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளை நகர மாட்டான். அப்பா பணப்பையை எடுப்பார். ஒரு சின்னக் கம்பிக்கூண்டு, ஒரு பொட்டலம் தீவனம், ஒரு தண்ணீர்க் குப்பி. விற்பவர் கையோடு கொடுக்கும் யோசனை இரண்டே வரி: "காரட் கொடுங்க. தண்ணி வைங்க."

மலையில் பார்த்த முயல் இருக்கும் இடமும், நாம் அதைக் கொண்டுவந்து வைக்கும் இடமும் ஒன்றில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் என்று நீளும் இந்தக் கரையோரம் முழுக்கச் சமதரை. மதியத்தில் 32, 33 டிகிரி செல்சியஸ் சாதாரணம். முயலுக்குச் சுகமான வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள். 28-ஐத் தாண்டினால் அது திணற ஆரம்பிக்கும். தகரக் கூரைக்குக் கீழே, காற்றோட்டமில்லாத மூலையில், வெளியில் இருப்பதைவிடச் சூடு அதிகம்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். இந்திய அரசின் செம்மறியாடு, கம்பள ஆய்வுக் கழகத்தின் தென்மண்டல நிலையம் கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் இருக்கிறது. ஆடுகளோடு முயல்களையும் வைத்து ஆராயும் இடம் அது. சமவெளியில் இடமில்லாமலா மலைக்குப் போனார்கள்? நாம் வீட்டில் வளர்க்கும் எல்லா முயல் இனங்களும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. ஸ்பெயின், போர்த்துகல் பக்கத்து நிலத்தில், மண்ணுக்குள் வளை தோண்டி, பகலில் குளிர்ச்சியாக உள்ளே படுத்து, விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து மேய்கிற பிராணி. அதைப் பிடித்து, வளையும் இல்லாமல் புல்லும் இல்லாமல், உச்சி வெயிலில் நாலு கம்பிகளுக்கு நடுவே உட்கார வைத்திருக்கிறோம்.

வானொலி நிகழ்ச்சிக்கு நேயர்கள் புலனத்தில் குரல்பதிவு அனுப்புவார்கள். பாட்டு கேட்பவர்கள் பாதி, குறை சொல்பவர்கள் பாதி. ஒருமுறை செல்லப்பிராணிகள் பற்றிப் பேசிய அன்று, செம்பனைத் தோட்டப் பக்கம் குடியிருக்கும் ஒரு தாயார் அனுப்பியிருந்தார். "தீவனம் இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு, காலையில நல்லாத்தான் ஓடுச்சு. மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறான், மல்லாந்து கிடக்குது. யாரோ ஏதோ வச்சிட்டாங்கன்னு மாமியார் சொல்றாங்க." யாரும் எதுவும் வைத்திருக்க வேண்டியதில்லை. கூண்டு எங்கே இருந்தது என்று கேட்டு எழுதினேன். "கார் நிறுத்துற இடத்துல, தகரத்துக்குக் கீழே" என்று பதில் வந்தது.

முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. நாயைப்போல் நாக்கைத் தொங்கப்போட்டுச் சூட்டைத் தணிக்கவும் சரியாக வராது. அதற்கு இருக்கும் பெரிய வசதி அந்த நீளக் காதுகள்தான். காதின் மெல்லிய தோலுக்கடியில் ஓடும் இரத்தம் காற்றில் சூட்டை விடும். சுற்றியிருக்கும் காற்றே சூடாக இருந்தால் அதுவும் பயன்படாது. மூச்சு வேகமாகிறதா, மூக்கு நனைந்திருக்கிறதா, காது சிவந்து சுடுகிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். இவை தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த நீரால் காதுகளைத் துடைத்து, காற்றாடியைத் திருப்பி வையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே ஆளைக் கொன்றுவிடும். முதலுதவி முடிந்ததும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கூண்டு எங்கே, எவ்வளவு பெரிது

வீட்டுக்குள் வைப்பதே என் முதல் யோசனை. சிமெண்டோ டைல்ஸோ போட்ட தரை, சன்னல் பக்கம் காற்று, மேலே ஒரு காற்றாடி. ஏர்கோன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. ஒரு மினரல் வாட்டர் போத்தலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, பழைய துண்டில் சுற்றி, காலை பத்து மணிக்கு அதன் பக்கத்தில் போடுங்கள். சாய்ந்து படுத்துக்கொள்ளும். மாலைக்குள் உருகிவிடும், மறுபடி ஐஸ் பெட்டிக்கு. கூண்டின் மேல் ஈரச்சாக்கு போடும் பழக்கம் உண்டு. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால், காற்றாடி இல்லாமல் ஈரச்சாக்கு மட்டும் அவ்வளவாக உதவாது. புழுக்கம்தான் கூடும்.

அளவைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கலாம். பிரிட்டனில் உள்ள முயல் நல அமைப்பு, இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அதுவும் எப்போதும் திறந்திருக்கும் ஓட்ட இடத்தையும் சேர்த்து. தாமான் வீட்டில் அது கார் நிறுத்தும் இடத்தில் பாதி! அவ்வளவு முடியாதவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம். முயல் தொடர்ந்து மூன்று தாவல் தாவ வேண்டும், பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் காது கூரையில் இடிக்கக் கூடாது. பாசார் மாலாம் கூண்டு இதில் ஒன்றுக்கும் தேறாது. அதைப் படுக்கையறையாக மட்டும் வைத்துக்கொண்டு, நாய்க்குட்டிகளுக்கு விற்கும் மடக்கு வேலியை வாங்கிச் சுற்றிப் போட்டால் வீட்டின் ஒரு மூலையே முயலுக்கு முற்றமாகிவிடும். மின்கம்பிகளை மட்டும் குழாய்க்குள் விட்டுவிடுங்கள். கைப்பேசி சார்ஜர் கம்பி முயலுக்குக் கரும்பு மாதிரி.

வெளியில்தான் வைக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் வேறொரு கணக்கு இருக்கிறது. செம்பனைத் தோட்டம் என்றால் எலி. எலி என்றால் மலைப்பாம்பு. பண்டைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் உடும்பு வரும், இரவில் தெருநாய் வரும். கோழிக்கு அடிக்கும் அறுகோண வலையை நாய் பிய்த்துவிடும், குட்டிப் பாம்பு அதில் நுழைந்துவிடும். இரும்புச் சாமான் கடையில் அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை கேளுங்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்திக் கட்டுங்கள். கூரை தகரமாக இருந்தால், அதன்மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு கூரை: அத்தாப்போ தென்னை ஓலையோ போதும். லயத்து வீடுகளில் ஆட்டுக்கொட்டகைக்கு ஓலை போட்ட தாத்தாக்களுக்கு இது தெரிந்த வித்தைதான். மேற்குப் பக்கம் நிழல் மிக முக்கியம், மூன்று மணி வெயில் அங்கேதான் இறங்கும். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வரும் நாளில் முயலை அங்கிருந்து எடுத்துப் போய்விடுங்கள்.

காலுக்கு மெத்தை

கம்பித் தரையில் முயலை உட்கார வைப்பது சுலபம். புழுக்கை கீழே விழுந்துவிடும், கழுவும் வேலை மிச்சம். ஆனால் முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல் மெத்தென்ற திண்டு கிடையாது. முடி மட்டும்தான். கம்பி அந்த முடியைத் தேய்த்து, தோலைக் கிழித்து, குதிகாலில் புண் வைக்கும். ஆறவே ஆறாத புண். பழைய டைல்ஸ் துண்டு, பலகை, பாய் ஏதாவது ஒன்றைக் கம்பிமேல் போடாமல் இருக்காதீர்கள்.

படுக்கைக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமில்லை. அடியில் நாலைந்து தாள் நாளிதழ் விரியுங்கள். (படித்து முடித்த ஞாயிறு மலருக்கும் இப்படி ஒரு மறுபிறவி உண்டு. வழவழப்பான விளம்பரத் தாள் மட்டும் வேண்டாம்.) அதன்மேல் வைக்கோல். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலுக்குக் குறைவே இல்லை. கேட்டால் ஒரு சாக்கு கொடுக்காதவர்கள் குறைவு. முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆலைகளில் கிடைக்கும் உமியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மலிவுதான், ஆனால் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, தூசும் பறக்கும். முயலின் மூச்சுக்குழாய்க்குத் தூசு பெரும் பகை. உமி போடுவதென்றால் சலித்து, வைக்கோலுக்கு அடியில் போடுங்கள். பலகை ஆலை மரத்தூள் வேண்டவே வேண்டாம். பைன் போன்ற மரங்களின் வாசனை எண்ணெய் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு விற்கும், நனைந்தால் கட்டியாகும் மணலும் ஆபத்து. முயல் அதைக் கொறித்தால் குடலில் கட்டிக்கொள்ளும்.

ஈரமான படுக்கையைத் தினமும் அள்ளுங்கள், வாரம் ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். சிறுநீர் வாடை உங்கள் மூக்கில் ஏறுகிறதென்றால் தரையோடு தரையாக இருக்கும் முயலுக்கு எப்படி இருக்கும்? அதைவிட மோசமானது ஈ. அழுக்குப் பிடித்த பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் ஒருமுறை தூக்கி வாலடியைப் பாருங்கள். சிறுநீர் செந்நிறமாக இருந்தால் பதறாதீர்கள். சில கீரைகளின் நிறமி அப்படித்தான் இறங்கும். மறுநாளும் தொடர்ந்தாலோ, முக்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும். அந்த மூலையில் ஒரு தட்டு வைத்து, அதன் ஓரத்திலேயே புல்லையும் வைத்தால், தின்றுகொண்டே போகும். மனிதர்கள் கைப்பேசி எடுத்துக்கொண்டு போகவில்லையா, அதுபோல.

வைக்கோலும் உலர்புல்லும் ஒன்றா?

இங்கேதான் நம் மொழியே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. செல்லப்பிராணிக் கடையில் 'ஹே' என்று விற்பதை நாம் வைக்கோல் என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் வைக்கோல் என்றால் நெல்மணி எடுத்தபின் மிஞ்சும் தாள். சத்து மண்ணுக்கும் மணிக்கும் போய்விட்டது. படுக்க நல்லது, வயிற்றுக்குப் போதாது. 'ஹே' என்பது பசுமையாக இருக்கும்போதே வெட்டி, வெயிலில் காயவைத்த புல். வருடம் முழுக்கப் பச்சை கிடைக்கும் நம் நாட்டில் புல்லைக் காயவைத்துச் சேர்க்கும் தேவை அதிகம் வரவில்லை, அதனால் தனிச்சொல்லும் பழக்கத்தில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

முயலின் சாப்பாட்டில் பத்தில் எட்டுப் பங்கு இந்தப் புல்தான், காய்ந்ததோ பச்சையோ. தினமும் முயலின் உடம்பளவு ஒரு கட்டு. காரணம் பல். முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப்பல் நாக்கையும் கன்னத்தையும் குத்தும், முயல் தின்பதை நிறுத்தும். குடலும் அப்படியே. நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அசையும். பன்னிரண்டு மணி நேரம் முயல் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரநிலை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொட்டலத் தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு சின்னக் கைப்பிடி. கிண்ணம் நிறையக் கொட்டினால் புல்லைத் திரும்பிப் பார்க்காது. கேஎப்சி இருக்கும்போது கீரைக் குழம்பைத் தொடாத நம் வீட்டுப் பிள்ளைகளேதான். கொத்தமல்லி, புதினா, சாவி, கொஞ்சம் கங்கோங் என்று தினம் ஒரு பிடி கீரை கொடுக்கலாம். புதிய கீரையை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். காரட்டில் சர்க்கரை அதிகம். கார்ட்டூன் முயல்தான் அதைத் தினமும் தின்னும். நம் முயலுக்கு விரல் நுனி அளவு, எப்போதாவது. சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு கூடாது. வெங்காயம், பூண்டு, வெண்ணெய்ப் பழமும் அதன் இலையும் கூடாது. ஆட்டுக்குப் போடும் பழக்கத்தில் மரவள்ளி இலையையும் பெத்தாய் பெலாலாங் தழையையும் போடுகிறார்கள். முன்னதில் சயனைடு விடும் பொருள் உண்டு, பின்னதில் முடியை உதிர்க்கும் நஞ்சு உண்டு. இரண்டும் வேண்டாம்.

தண்ணீர், கனமான மண் கிண்ணத்திலோ பீங்கானிலோ. இரண்டு கிலோ முயல் ஒரு நாளைக்கு 300 மில்லிலிட்டர் வரைகூடக் குடிக்கும், வெயில் நாளில் இன்னும் அதிகம். குப்பி மூக்கை நக்கி அவ்வளவும் குடிப்பது சிரமம்.

காலையில் முயல் குனிந்து தன் பின்பக்கத்திலிருந்து எதையோ எடுத்து விழுங்குவதைப் பார்த்துவிட்டுச் சில அம்மாக்கள் அருவருத்துக் கூண்டையே தெருவில் வைத்துவிடுகிறார்கள். அது சாதாரணப் புழுக்கை இல்லை. திராட்சைக் கொத்துபோல் மென்மையாக வரும் இரண்டாம் வகை. முதல்முறை செரிக்காத புரதமும் பி வைட்டமினும் அதில்தான் இருக்கும். மாடு அசைபோடுவதை நாம் அருவருக்கிறோமா? அதைப்போலத்தான்.

பச்சையாக இருந்தால் போதுமா?

இவ்வளவு புல்லுக்கு எங்கே போவது? இறக்குமதி உலர்புல் விலை வீட்டுக் கணக்கைக் கடிக்கும். வீட்டு வாசலைத் தாண்டினால் கண்ணுக்கெட்டும் வரை பச்சை. இந்த வட்டாரத்தில் நான் மிகவும் பயப்படுவது அந்தப் பச்சையைத்தான்.

செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாகக் களைக்கொல்லி அடிப்பார்கள். வயல் வரப்பிலும், வாய்க்கால் கரையிலும், சாலையோரத்திலும் அடிப்பார்கள். பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அது தெரிந்து நிம்மதியாகிவிடுகிறவர்கள் உண்டு. மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் சில வேரை எட்டிப் புல்லைக் கருக்க நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். நேற்று மருந்து அடித்த புல் இன்றைக்கு முன்பைப்போலவே பச்சையாகத் தளதளவென்று நிற்கும். பார்த்து அறிய வழியில்லை. தோட்டத்தில் எலிக்கு வைக்கும் விஷக்கட்டி வேறு, எலியின் சிறுநீர் வேறு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

ஆகவே, யார் நிலம், எப்போது மருந்து அடித்தார்கள் என்று வாய் திறந்து கேட்டுத் தெரிந்த இடத்தில் மட்டும் அறுங்கள். கழுவி, நிழலில் உதறிப் போடுங்கள். புல்வெட்டும் இயந்திரம் நறுக்கிய புல்லைக் குவியலாகக் கொடுக்காதீர்கள். சீக்கிரம் சூடேறிப் புளித்துவிடும். இதைவிட நல்ல வழி வீட்டுக்குப் பின்னால் நேப்பியர் புல் நடுவது. மாடு வைத்திருப்பவரிடம் நாலு தண்டு கேட்டு வாங்கிக் கரும்பு நடுவதுபோல் ஊன்றினால் போதும். முழங்கால் உயரத்திலேயே இளசாக அறுங்கள். முற்றினால் வெறும் கட்டை. மழையில்லாத நாளில் மிச்சத்தைக் கொடியில் தொங்கவிட்டால் உங்கள் வீட்டிலேயே 'ஹே' தயார்.

இன்னொரு விஷம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பூனை, நாய்க்குத் தெள்ளுப்பூச்சி போகக் கழுத்தில் விடும் மருந்துகளில் ஃபிப்ரோனில் இருந்தால் அது முயலைக் கொல்லும். பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய அமோக்சிசிலின் சிரப்பை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் சாகும். முயல் பார்க்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. சுங்கை பஞ்சாங்கிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். முயல் வாங்கும் முன்பே அருகில் யார் பார்ப்பார் என்று விசாரித்து எண்ணைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள்.

தனியாக இருந்தால் முயல் வாடும், ஜோடி நல்லது. ஆனால் "இரண்டும் பெண்தான்" என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். குட்டியில் ஆண், பெண் பிரித்தறிவது பழகியவருக்கே தவறும். சினை 31 நாள்தான், ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விட்ட இரண்டு டஜன் முயல்கள் ஒரு கண்டத்தையே மேய்ந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கருத்தடை செய்துவிடுங்கள். பெண் முயலுக்குக் கருப்பைப் புற்று வருவதும் அதனால் தடுக்கப்படும்.

2023 சீனர்களுக்கு முயல் ஆண்டு. அன்றைக்கு ஆசையாக வாங்கிய குட்டி நன்றாகக் கவனிக்கப்பட்டால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும். அடுத்த முயல் ஆண்டு 2035-ஐக்கூட எட்டிப் பார்க்கலாம். வாங்கும்போது மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் வேலைக்கே போயிருப்பான். அதுவரை புல் அறுப்பது யார் என்பதைக் கடையில் நிற்கும்போதே பேசி முடிவு செய்வது நல்லது. "சின்னப் பிராணிதானே" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் விலங்கு நலச் சட்டம் 2015 முயலுக்கும் பொருந்தும். கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் குடும்பங்கள் முதல் நாள் மாலையே கிளம்பிவிடுவார்கள். கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போனால் போதாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: காலை பத்து மணிக்கு உறைந்த போத்தலை மாற்றவும், புல் தீர்ந்தால் போடவும், தட்டில் புழுக்கை இருக்கிறதா என்று பார்க்கவும். புழுக்கை இல்லையென்றால் எந்த நேரமானாலும் உங்களை அழைக்கச் சொல்லுங்கள்.